நூல் கடித்த பல்லும் பிரஷ் போகாத இடங்களும்

நூலைப் பல்லால் கடித்து அறுப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம். கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும். இருந்தாலும் வாய்தான் முந்திக்கொள்ளும். தையல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேருக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அப்படிக் கடித்துக் கடித்து, என் மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் நூல் போய் உட்காரும் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்திருந்தது. ஒருநாள் அங்கிருந்து சின்னச் சில்லு பெயர்ந்து நாக்கில் தட்டுப்பட்டது. சரி, காட்டிவிடலாம் என்று பல் டாக்டரிடம் போனேன். முன்பல்லை அவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கடைவாயைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, முன்பல்லு இருக்கட்டும். பின்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல இவ்வளவு பெரிய சொத்தை இருக்கே, வலிக்கலையா?"

வலிக்கவில்லை. எனாமலில் நரம்பு கிடையாது. அது கரைகிற வரைக்கும் சொத்தை மூச்சே காட்டாது. உள்ளே நரம்புக்குப் பக்கத்தில் போன பிறகுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

"தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேனே, டாக்டர்" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு. அவர் பதில் பேசவில்லை. சிவப்புச் சாயம் ஒன்றைப் பஞ்சில் தொட்டுப் பல் முழுக்கத் தடவினார். கொப்புளிக்கச் சொன்னார். கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அன்றைக்குக் காலையில் நன்றாகப் பல் விளக்கிவிட்டுத்தான் போயிருந்தேன்.

முன்பற்களின் நடுப்பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஈறை ஒட்டி மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் சிவப்புத் துணியில் பைப்பிங் வைத்துத் தைத்தது போல ஒரு கரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம், அதாவது நாக்கு தொடும் பக்கம், முழுக்கச் சிவப்பு. கடைசிக் கடைவாய்ப் பற்களின் பின்புறமும் அப்படியே. வலதுபக்கக் கோரைப்பல்லில், வரிசை வளைகிற முனையில், ஒரு திட்டு. எனக்கு வலது கைப் பழக்கம். இடப்பக்கம் தேய்த்துவிட்டு வலப்பக்கத்துக்கு மாறும்போது மணிக்கட்டைத் திருப்ப வேண்டிய இடம் அது. அங்கே தினமும் ஒரு தாண்டு தாண்டியிருக்கிறேன். இத்தனை வருடமும் தேய்த்த இடத்தையே தேய்த்து, விட்ட இடத்தையே விட்டிருக்கிறேன்.

அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே உறை போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பது போல, பல் விளக்கும் வேலையை முழுக்கப் பிரித்துப் போட்டுப் புதிதாகப் பழகினேன். புதிதாக வாங்கிய சாமான்கள் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் கை போகாத இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிற வேலை.

முதலில் சாயம் போட்டுப் பாருங்கள்

அந்தச் சாயம் மாத்திரையாகவும் விற்கிறது. பல்லில் படிந்த அழுக்கைக் காட்டும் மாத்திரை என்று கேட்டால் தெரிந்தவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். மென்று, எச்சிலோடு சேர்த்து அரை நிமிடம் வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டு, ஒருமுறை தண்ணீரால் கொப்புளித்தால் போதும். கிடைக்காவிட்டால் சமையலில் நிறத்துக்குச் சேர்க்கும் சிவப்புத் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவலாம். அதற்கு முன்னால் உதட்டில் வாசலின் பூசிக்கொள்ளுங்கள். நான் பூசாமல் போட்டு மறுநாள் முழுக்க உதட்டுச் சாயத்தோடு திரிந்தேன். பழைய துணி உடுத்திக்கொள்வதும் நல்லது. பேசினில் தெறித்ததை உடனே கழுவிவிடுங்கள்.

எப்போதும் போலப் பல் விளக்கி முடித்த பிறகுதான் சாயம் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் எல்லா இடமும் சிவக்கும், ஒன்றும் புரியாது. நான் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு லாடம் வரைந்து, மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று, எங்கெங்கே சிவப்பு என்று பென்சிலால் தீட்டிக்கொண்டேன்.

சிவந்து நிற்பது பாக்டீரியாக்கள் பல்லின் மேல் கட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான படலம். பல் டாக்டர்கள் பிளேக் என்பார்கள். தண்ணீர் கொப்புளித்தால் போகாது, எதையாவது வைத்துத் துடைத்தால்தான் போகும். நாம் சாப்பிடும் சர்க்கரையை இந்தப் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமில அளவைக் காட்டும் பிஎச் எண் (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் மெதுவாக அந்த அமிலத்தை முறித்து, போன சத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். போவதும் வருவதுமாக நாள் முழுக்க நடக்கிற இந்தக் கணக்கில் தொடர்ந்து பற்று விழுந்தால் அதுதான் சொத்தை.

படலத்தை அப்படியே விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள தாதுக்கள் அதில் இறங்கிச் சில நாட்களில் கல்லாகும். அதைத்தான் காரை என்கிறோம். காரை கட்டிய பிறகு பிரஷ்ஷால் ஒன்றும் செய்ய முடியாது, டாக்டர் கருவி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னம் பக்கமும் எல்லோருக்கும் சீக்கிரம் காரை பிடிப்பது ஏன் தெரியுமா? எச்சில் சுரப்பிகளின் வாய்க்கால்கள் அங்கேதான் திறக்கின்றன. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அடியில் இரண்டு சின்ன மேடு தெரியும். அந்த ஊற்றுக்கு எதிரில் இருக்கிற பற்களுக்குத்தான் என் பிரஷ் போனதே இல்லை.

ராத்திரி வேளைதான் முக்கியம்

காலையில் கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டு, ராத்திரி அலுப்பில் கடனே என்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் படுப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான். தலைகீழாக மாற்றுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். அமிலத்தை முறிக்க ஆள் இல்லாத நேரம் அது. அதனால் முழு வேலையும் ராத்திரிக்கு, காலையில் ஒரு ஒழுங்கான தேய்ப்பு, அவ்வளவுதான்.

அலுப்புக்கு நான் கண்ட வழி, படுக்கப் போகும்போது விளக்காமல், ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்த கையோடு விளக்கிவிடுவது. கண் சொக்கும்போது யாருக்கும் பொறுமை வராது. விளக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

கை பழக வேண்டிய விதம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பிரஷ்ஷை முஷ்டியால் பிடிக்காதீர்கள். பேனா பிடிப்பது போல விரல் நுனியால் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் தோள் பலம் முழுக்கப் பல்லில் இறங்கும்; விரலில் பிடித்தால் அவ்வளவு அழுத்த முடியாது. பிரஷ்ஷின் நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறிலுமாக, பல்லும் ஈறும் சேரும் கோட்டைப் பார்த்துச் சரிவாக, சுமார் 45 பாகையில் இருக்க வேண்டும். மேல்வரிசைக்கு நார் மேல்நோக்கிச் சாயும், கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. அந்த நிலையில் வைத்து, இடத்தை விட்டு நகராமல், ஒரு பல்லின் அகலத்தில் பாதிகூட இல்லாத சின்னச் சின்ன அதிர்வாக முன்னும் பின்னும் ஒரு பத்துத் தடவை. பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி ஒரு வழிப்பு. அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். இதைச் சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். இன்றும் பாஸ் முறை என்றே பல் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

முதல் நாள் செய்யும்போது பல்லே விளக்காதது போல ஒரு குறை இருக்கும். சர்சர் என்று சத்தம் வராது, நுரையும் அவ்வளவு பொங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு தைக்கும்போது மெஷினை வேகமாக ஓட்டினால் துணி எங்கேயோ போகும், இதுவும் அப்படித்தான்.

பல்லின் அழுக்கு பெரும்பாலும் அந்த ஈறு விளிம்பில்தான் கிடக்கிறது. பலமாகத் தேய்ப்பதால் அது கூடுதலாகப் போய்விடாது. மாறாக ஈறு மேலேறி, பல்லின் கழுத்தில் வெட்டுப் போலத் தேய்மானம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுள்ளென்று கூசும். ஏறிய ஈறு தானாக இறங்கி வராது. ஒரே மாதத்தில் உங்கள் பிரஷ் துடைப்பக்கட்டை மாதிரி விரிந்துபோகிறது என்றால் அழுத்தம் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது? எங்கே அதிகம் சிவந்ததோ அங்கிருந்து. ஆரம்பத்தில் இருக்கும் கவனம் முடியும்போது இருக்காது, அதனால் நல்ல கவனத்தை மோசமான இடத்துக்குக் கொடுங்கள். என் பாதை இது: முதலில் கீழ்வரிசை உள்பக்கம், வலது கடைசிப் பல்லில் தொடங்கி இடது கடைசி வரை. முன்பற்களின் உள்பக்கம் வந்ததும் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் மூக்குப் பகுதியால் ஒவ்வொரு பல்லாகக் கீழிருந்து மேல். அப்புறம் மேல்வரிசை உள்பக்கம், அதே மாதிரி. பிறகு வெளிப்பக்கம், வலது கோரைப்பல்லில் நின்று, மணிக்கட்டைத் திருப்பி, அந்தப் பல்லை மட்டும் தனியாக ஒருமுறை. கடைசியாக மெல்லும் பரப்பு. அதற்கு வெறும் முன்னும் பின்னும் தேய்ப்பு போதும்.

மொத்தம் 2 நிமிடம். சின்னதாகத் தோன்றும். நான் பழைய முறையில் தேய்க்கும்போது ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 40 விநாடி.

பிரஷ் சின்னத் தலையும் மென்மையான நாரும் கொண்டதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நார் முன்னாலேயே விரிந்தால் அப்போதே. என் தொழில் காரணமாக ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை: நைலான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது துணியாக அல்ல, 1938இல் பல் பிரஷ் நாராகத்தான். நைலான் காலுறைகள் அதற்கப்புறம்தான் வந்தன. அதற்கு முன்னால் பிரஷ்ஷில் இருந்தது பன்றி முடி.

மின்சார பிரஷ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கை பிரஷ் பிடித்தவர்களைவிடப் படலம் 21 சதவீதம் குறைவாக இருந்தது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், என்ன சொன்னாலும் அழுத்தித்தான் தேய்ப்பேன் என்பவர்களுக்கும் அது நல்லது. அழுத்தினால் விளக்கெரிந்து எச்சரிக்கும் வகைகள் இருக்கின்றன. ஆனால் அதை வைத்துக்கொண்டு கை பிரஷ் போலத் தேய்க்கக் கூடாது; ஒவ்வொரு பல்லாக வைத்து வைத்து எடுக்க வேண்டும். நான் கை பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு பல்லுக்கு நடுவே

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகம்: வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம், அப்புறம் இரண்டு பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிற்கும் இரண்டு முகம். எவ்வளவு நல்ல பிரஷ்ஷானாலும் முதல் மூன்றுக்குத்தான் போகும். என் சொத்தை விழுந்தது ஐந்தாவது முகத்தில்.

இதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு ஒரு புத்தி வந்தது. நூலுக்கா பஞ்சம் என்று பாபினில் இருந்து ஒரு முழம் தையல் நூலை இழுத்துப் பல்லிடுக்கில் விட்டேன். ஈறு கிழிந்து ரத்தம் கொட்டியதுதான் மிச்சம். தையல் நூல் இறுக்கி முறுக்கியது, கத்தி மாதிரி இறங்கும். பல்லுக்கென்று விற்கும் ஃபிளாஸ், முறுக்கில்லாத மெல்லிய இழைகளாகவோ பட்டையான நாடாவாகவோ இருக்கும். பல்லின் மேல் பட்டதும் பரந்து விரிந்து துடைக்கும். மெழுகு பூசியது இறுக்கமான இடுக்கில் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும்.

18 அங்குலம் வெட்டுங்கள். இன்ச் டேப் இல்லாவிட்டால் முழங்கையில் இருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளலாம், ஏறக்குறைய சரியாக வரும். இரண்டு கை நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். இடுக்கில் டக்கென்று அமுக்காதீர்கள், ரம்பம் போல மெல்ல அசைத்து இறக்குங்கள். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் அரைவட்டமாக அணைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி, மேலும் கீழுமாக நாலைந்து தடவை. பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல்லை அணைத்து அதே மாதிரி. பலர் இரண்டாவது பல்லை மறந்துவிடுகிறார்கள். ஓர் இடுக்கில் துடைக்க வேண்டிய சுவர் இரண்டு. அடுத்த இடுக்குக்குப் போகும்போது விரலில் சுற்றி வைத்த சுத்தமான பகுதிக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

இடுக்கு கொஞ்சம் அகலமாக இருந்தால் ஃபிளாஸைவிடப் பல்லிடுக்கு பிரஷ் சிறந்தது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். அளவுக்கொரு நிறத்தில் வரும். மெல்ல இறுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் திணிக்க வேண்டியிருக்கக் கூடாது. என் கடைவாய்க்கு ஓர் அளவு, முன்பற்களுக்கு ஃபிளாஸ். முதல் தடவை எந்த அளவு என்பதை டாக்டரிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். நானாக வாங்கியிருந்தால் பெரிதாக வாங்கிக் கம்பியை வளைத்திருப்பேன்.

இடுக்கை முதலில் செய்வதா, பிரஷ்ஷை முதலில் செய்வதா என்று சண்டை போட வேண்டியதில்லை. நான் இடுக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பிரஷ் பண்ணி வாய் மணத்த பிறகு இன்னொரு வேலை செய்ய எனக்கு மனசு வராது, அதுதான் காரணம்.

ரத்தம் வந்தால்

முதல் வாரம் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். படலம் சேர்ந்து சேர்ந்து ஈறு வீங்கியிருக்கிறது, தொட்டால் கசிகிறது. சுத்தம் செய்யச் செய்ய அடங்கும். எனக்குப் பத்தாவது நாள் நூல் வெள்ளையாகவே வெளியே வந்தது. இரண்டு வாரத்துக்கு மேலும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "எனக்கெல்லாம் ரத்தமே வர்றதில்ல பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவர் சிகரெட் பிடிப்பவர். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு கெட்டிருந்தாலும் கசிவு தெரியாது. பரிசோதனைக்குப் போனபோது என்னைவிட அவருக்குத்தான் அதிக வேலை இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும்: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். கர்ப்பக் காலத்திலும் ஈறு சீக்கிரம் வீங்கும். அப்போதும் தேய்ப்பதை விடக் கூடாது.

பேஸ்ட், கொப்புளிப்பு, இத்யாதி

பேஸ்ட்டில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஃபுளோரைடு இருக்கிறதா, எவ்வளவு. 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை இருந்தால் பெரியவர்களுக்குச் சரி. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கரைந்த எனாமலில் சத்து திரும்பச் சேர ஃபுளோரைடு உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. கரி கலந்தது, பளபளப்பாக்குவது என்று வருகிற சிலவற்றில் சொரசொரப்பு அதிகம், எனாமலைத் தேய்க்கும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்குவார்கள். பட்டாணி அளவு போதும்.

எனக்கு மாற்றிக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது இதுதான்: விளக்கிய பிறகு வாய் கொப்புளிக்கக் கூடாது. நுரையை நன்றாகத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் விட்டு அலசினால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் பேசினோடு போய்விடும். பிறந்ததில் இருந்து மூன்று தடவை கொப்புளித்தவளுக்கு இது சோப்பு அலசாமல் துணி உலர்த்துகிற மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

மவுத்வாஷ் கட்டாயமில்லை. பிடிக்கும் என்றால் வேறொரு நேரத்தில், மதியம் சாப்பிட்ட பிறகு உபயோகிக்கலாம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வகையைச் சொன்ன நாட்களோடு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

நாக்கை மறக்காதீர்கள். வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாக்கின் பின்பகுதியில் படிந்து கிடக்கும் வெள்ளைப் படிவு. அங்கே பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை உண்டாக்குகின்றன. காலையில் பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நாலு வழிப்பு. ஓங்கரிக்க வைக்கும் அளவுக்கு உள்ளே போக வேண்டியதில்லை.

மெஷின் பக்கத்து டீ

டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விகளில் நான் எதிர்பார்க்காதது, "வேலை பாக்கும்போது என்ன குடிப்பீங்க?" என்பது. சர்க்கரை போட்ட டீயை ஒரு டம்ளர் ஊற்றி மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஒரு கை தைத்து முடித்ததும் ஒரு வாய், காஜா எடுத்ததும் ஒரு வாய். ஒரு டம்ளர் ஒரு மணி நேரம் வரும். ஒரு நாளைக்கு நாலு டம்ளர்.

ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் ஏறும், எச்சில் அதை முறிக்கக் குறைந்தது அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் நான் அடுத்த வாயை விடுவேன். அதாவது பகல் முழுக்க என் பல் அமிலத்திலேயே ஊறியிருக்கிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இப்போது டீயை எழுந்து போய் நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு வருகிறேன்; மெஷின் பக்கத்தில் தண்ணீர் மட்டும். இனிப்பு சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறேன், தனியாக அல்ல.

புளிப்பான பானமோ பழச்சாறோ குடித்த உடனே, அல்லது வாந்தி எடுத்த உடனே பல் விளக்கக் கூடாது. எனாமல் இளகியிருக்கும் நேரம் அது. தண்ணீரால் கொப்புளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

அம்மாவும் பேரனும்

அம்மாவுக்குப் பல்செட். ரொம்ப நாள் அதைப் பேஸ்ட் போட்டுத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். பேஸ்ட்டின் சொரசொரப்பு செட்டில் கீறல் போடும், கீறலில் அழுக்கு ஏறும். மிதமான சோப்புத் திரவம், தனியாக ஒரு மெல்லிய பிரஷ், குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அதன் மேல் பிடித்துக் கழுவினால் கை நழுவினாலும் உடையாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், ஈறுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா. அவர் சாப்பிடும் மாத்திரை ஒன்றினால் வாய் உலர்ந்துபோகும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வாமை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு மாத்திரைகளில் சில அப்படிச் செய்யும். வாய் உலர்ந்தால் சொத்தை வேகமாக வரும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேரனுக்கு இரண்டரை வயது. அவனுக்கு அரிசி மணி அளவு பேஸ்ட். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தேய்த்துவிட வேண்டும், ஏழு வயதுவாக்கில் கை பழகும் வரை பெரியவர்கள்தான் முடித்துக் கொடுக்க வேண்டும். எதிரில் நின்று தேய்த்தால் ஓடிவிடுவான். அவனுக்குப் பின்னால் நின்று, தலையை என் வயிற்றில் சாய்த்து வைத்துக்கொண்டு, மேலிருந்து வாயைப் பார்த்துத் தேய்க்கிறேன். முதலில் அவன் எனக்குத் தேய்ப்பான், அப்புறம் நான் அவனுக்கு. அப்படி ஓர் ஒப்பந்தம்.

மூன்று மாதம் கழித்து

மறுபடி சாயம் போட்டேன். அளவு நோட்டின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கீழ்வரிசை உள்பக்கம் சுத்தம். பைப்பிங் காணோம். கோரைப்பல்லில் லேசான ரோஸ் நிறம். மேலே வலது கடைசிக் கடைவாய்ப் பல்லின் கன்னம் பக்கம் மட்டும் பழையபடி ரத்தச் சிவப்பு. எவ்வளவோ வாயைப் பிளந்து தேய்த்தும் அங்கே பிரஷ் போகவே இல்லை.

டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டினேன். சிரித்தார். "அம்மா, வாயைப் பிளக்கிறதாலதான் போகல. பாதி மூடுங்க."

வாயை அகலத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் ஒரு முனை முன்னால் வந்து கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள சந்தை அடைத்துக்கொள்ளும். பாதி மூடி, தாடையை எந்தப் பக்கம் தேய்க்கிறோமோ அந்தப் பக்கமாகவே கொஞ்சம் நகர்த்தினால் சந்து விரியும். பிரஷ்ஷின் தலையைக் கன்னத்தை ஒட்டிப் படுக்கவைத்து உள்ளே வழுக்கிவிட்டு, கடைசிப் பல்லைத் தாண்டியதும் ஈறு பக்கம் திருப்ப வேண்டும். அன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த கையோடு செய்து பார்த்தேன். பிரஷ் ஒரு புது இடத்தில் போய் முட்டியது, கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.